நனைந்த கையும் நழுவிய மட்டையும்

கடையில் ஒரு பொருளை வாங்கும்போது நாம் அதனை எவ்வாறு சோதிக்கின்றோம்? கையால் தடவிப் பார்க்கின்றோம், வெளிச்சத்திற் பிடித்துப் பார்க்கின்றோம், விலையைக் கேட்கின்றோம், அவ்வளவே. குடை வாங்குவோர் மழையில் நின்று வாங்குவதில்லை. செருப்பு வாங்குவோர் சேற்றில் நடந்து பார்த்து வாங்குவதில்லை. உலர்ந்த கடையில் நல்லதெனத் தோன்றிய பொருள் நனைந்த இடத்தில் என்ன செய்யும் என்பதைக் காலங்கடந்தே அறிகின்றோம். இதனை நமக்கு உணர்த்தியது ஒரு கையுறை. அதன் கதையை இவ்வாரம் நேயர்களுக்குச் சொல்லக் கருதினோம்.

சென்ற பாடசாலை விடுமுறையிற் சில நாட்கள் நுவரெலியாவில் ஒரு நண்பர் இல்லத்தில் தங்கியிருந்தோம். அவர் வங்கியில் உயர் பதவி வகித்து ஓய்வு பெற்றவர். மருத்துவர் நடக்கச் சொன்னதால் கொல்ப் ஆடத் தொடங்கி, இப்போது கொல்ப் ஆடுவதற்காகவே நடப்பவர். ஒருநாட் காலை அவருடன் நாமும் மைதானத்திற்குச் சென்றோம். நமக்கு அவ்வாட்டம் தெரியாது. மலைக்காற்றும் பசும்புல்லும் போதுமென்று சென்றோம்.

சிறிது நேரத்தில் மூடுபனி இறங்கிற்று. பின்னர் தூறல் தொடங்கிற்று. நண்பர் ஆட்டத்தை நிறுத்தவில்லை. இடக்கையில் வெண்ணிறத் தோலுறை அணிந்திருந்தார். மட்டையை ஓங்கி வீசினார். பந்து நின்ற இடத்திலேயே நின்றது, மட்டைதான் பறந்தது! பையைச் சுமந்து வந்த உதவியாளரின் தோளருகே சுழன்று சென்று, பத்துப் பன்னிரண்டு அடிக்கு அப்பால் வீழ்ந்தது. சாதாரண ஆட்டக்காரர் வீசும்போதும் மட்டையின் தலை மணிக்கு ஏறக்குறைய 140 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும் என்பர். அன்று ஒரு சாண் விலகியிருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்று எண்ணவே நடுங்குகின்றது.

உதவியாளர் மட்டையை எடுத்து வந்து பேசாமல் துடைத்துக் கொடுத்தார். நண்பர் அதனை வாங்கவில்லை, வீட்டிற்குத் திரும்பினார். அன்று மாலை, “மாஸ்ரர், இந்தக் கையுறை மிகவும் விலை கூடியது. கடைக்காரர் இதைவிடச் சிறந்தது இல்லை என்றார். பிறகு எப்படி நழுவியது? நீர் பௌதிகம் படிப்பிப்பவர் அல்லவா? சொல்லும் பார்ப்போம்” என்றார். கேட்டவர் நண்பர், கேட்கப்பட்டது நம் பாடம். எனவே ஆராயத் தொடங்கினோம்.

கொல்ப் ஆட்டம் குளிரிலும் மழையிலும் வளர்ந்தது. அதன் தாயகம் ஸ்கொட்லாந்து. மக்கள் வில்வித்தையை மறந்து இவ்வாட்டத்தில் மயங்குகின்றனர் என்று 1457 ஆம் ஆண்டிலேயே அந்நாட்டுப் பாராளுமன்றம் இதனைத் தடை செய்தது. தடைதான் மறைந்தது, ஆட்டம் மறையவில்லை. ஆங்கிலேயர் சென்ற இடமெல்லாம் அதுவும் சென்றது. இலங்கையில் கொழும்பிற் கொல்ப் கழகம் 1879 இலும், நுவரெலியாவில் 1889 இலும் தோன்றின. கடல்மட்டத்தின் மேல் 1,868 மீற்றர் உயரத்தில் உள்ள நுவரெலியா, குளிரையும் மூடுபனியையும் மழையையும் விரும்பிய அவர்களுக்குச் சொந்த ஊரை நினைவூட்டியதில் வியப்பில்லை.

வலக்கைப் பழக்கமுள்ள ஆட்டக்காரர் பெரும்பாலும் இடக்கையில் மாத்திரம் உறை அணிவர். மட்டையை மேலே பற்றி வழிநடத்துவது அக்கையே. உறையின்றியே ஆடுவோரும் உளர். 1992 இல் அமெரிக்காவின் மாஸ்டர்ஸ் போட்டியில் வென்ற பிரெட் கப்பிள்ஸ் வெறுங்கையுடன் ஆடுபவர். எனினும் உறை அணிவோரே மிகப் பலர்.

விலையுயர்ந்த கொல்ப் கையுறைகள் கம்பளி மயிர் இல்லாத ஒருவகைச் செம்மறியாட்டின் தோலாற் செய்யப்படுவன. எதியோப்பிய ஆடுகளின் தோல் இதற்குப் பேர்பெற்றது. அது மெல்லியது; கையோடு ஒட்டிக் கிடப்பது; விரலின் உணர்ச்சியை மறைக்காதது. உலர்ந்த வேளையில் அதற்கு நிகரில்லை. ஆனால் தோல் என்பது நுண்ணிய நார்களின் பின்னல். நீர் பட்டதும் அந்நார்கள் நீரைக் குடித்து உப்புகின்றன. மேற்பரப்பு வழுவழுப்பாகி, தோலுக்கும் மட்டைப் பிடியின் றப்பருக்கும் இடையே நீர்ப்படலம் ஒன்று நின்றுவிடுகின்றது. இரண்டும் ஒன்றையொன்று தொடாதபோது உராய்வு எங்கிருந்து வரும்?

மழைக்கெனவே செய்யப்படும் உறைகள் வேறு வகையின. நைலோன், பொலியெஸ்ரர் முதலியவற்றின் மிக நுண்ணிய இழைகளால் அவற்றின் உள்ளங்கைப்புறம் அமைந்திருக்கும். பற்றும்போது நீர் அவ்விழைகளுக்கிடையே ஒதுங்க, இழைகளின் நுனிகள் றப்பரைத் தொடுகின்றன. மோட்டார் வண்டிச் சில்லின் றப்பரில் பள்ளங்கள் வெட்டியிருப்பதும் நீர் ஒதுங்குவதற்கே அன்றோ?

இயற்கையும் இவ்வழியை அறிந்திருக்கின்றது போலும். நீரிற் சிறிது நேரம் கிடந்தால் நம் விரல் நுனிகள் சுருங்குவதை யாவரும் கண்டிருக்கின்றோம். தோல் நீரை உறிஞ்சி ஊறுவதால் மட்டும் அது நிகழ்வதில்லை. நரம்பு அறுபட்ட விரல்கள் நீரில் அவ்வாறு சுருங்குவதில்லை. நரம்பின் ஏவலால் உள்ளே இரத்தக்குழாய்கள் ஒடுங்க, மேலே தோல் மடிகின்றது. சுருங்கிய விரல்கள் நனைந்த பொருள்களை விரைவாகக் கையாளுகின்றன என்று இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழக ஆய்வாளர் 2013 இல் எழுதினர். மறு ஆண்டே வேறோர் ஆய்வுக் குழுவினர் அத்தகைய பயனைத் தாம் காணவில்லை என்றனர். ஒருவர் சோதித்ததை மற்றவர் மீண்டும் சோதிப்பதே விஞ்ஞானத்தின் மரபு. மாணாக்கர் இதனை மனத்திற் கொள்க.

மழையோடு குளிரும் சேர்ந்தால் தொல்லை இரட்டிக்கின்றது. விரலின் தோல் ஏறக்குறைய 15 பாகை செல்சியசுக்குக் கீழே குளிர்ந்தால், நுட்பமான வேலை செய்யும் திறன் குறையத் தொடங்குகின்றது. நீர் காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு எளிதாக வெப்பத்தைக் கடத்துவது. ஆதலின் நனைந்த கை விரைவிற் குளிர்கின்றது. இன்னொன்றையும் பலர் எண்ணுவதில்லை. விரலை மடக்கி நீட்டும் பெருந்தசைகள் விரலில் இல்லை, முன்கையில் இருக்கின்றன. முன்கை குளிர்ந்தாற் பிடி தளரும். ஆகவே கையுறையை மாத்திரம் நம்பி, சட்டைக் கையை முழங்கை வரை மடித்துவிடுவது அறிவீனம்.

நண்பர் நான்கு வகை உறைகளைச் சேர்த்தார். முதலாவது, அவருடைய மெல்லிய தோலுறை. இரண்டாவது, மழையுறை, அது இரு கைகளுக்கும் சோடியாகவே வருவது. மூன்றாவது, புறங்கையிற் பஞ்சுபோன்ற தடித்த துணியும் உள்ளங்கையிற் செயற்கைத் தோலும் வைத்த குளிருறை. நான்காவது, சந்தையில் வாங்கிய கம்பளியுறை.

முதற் சோதனை பிடிமானம். கையால் இறுகப் பற்றிப் பார்த்தால் அச்சோதனை நீதியாகாது; நமக்குப் பிடித்த உறையை நாமே அறியாமல் இறுக்கிப் பிடிப்போம். எனவே பழைய சைக்கிள் ரியூப் ஒன்றை வெட்டி விரித்து ஒரு பலகையில் அறைந்தோம். ஒவ்வோர் உறையினுள்ளும் ஒரே கல்லை வைத்து, உள்ளங்கைப்புறம் றப்பரிற் படுமாறு கிடத்தி, பலகையின் ஒரு முனையை மெல்ல உயர்த்தினோம். எவ்வுயரத்தில் உறை வழுக்குகின்றதென்று குறித்தோம். ஒவ்வொன்றையும் மும்முறை, முதலில் உலர்த்தியும் பின்னர் நனைத்தும் பார்த்தோம். வகுப்பிற் படிக்கும் சாய்தளம் இதுவேதான்.

உலர்ந்தபோது தோலுறையே மிக உயரம் வரை அசையாது கிடந்தது. நண்பர் முகத்தில் வெற்றி தெரிந்தது. நனைத்தபோது அதே உறை பலகை சிறிது உயர்ந்ததும் வழுக்கிற்று. மழையுறையோ நனைந்த பின் முன்னினும் நன்றாகப் பற்றிற்று. குளிருறை இரண்டிலும் நடுத்தரம். கம்பளி இரண்டிலும் கடைசி.

இரண்டாவது சோதனை வெம்மை. சோதனைக் குழாய்களில் ஒரே அளவு வெந்நீர் நிரப்பி உறைகளின் விரல்களுக்குள் நுழைத்து, காற்று வீசும் யன்னலருகே வைத்து, வெப்பமானியால் அளந்தோம். உலர்ந்த நிலையிற் குளிருறையும் கம்பளியும் வெப்பத்தை நெடுநேரம் காத்தன. நனைத்தபின் யாவும் விரைந்து குளிர்ந்தன. கம்பளி மட்டும் சிறிது தாமதித்தது. பிடிப்பில் முதலாவதான மழையுறை இங்கே பின்தங்கிற்று.

மூன்றாவது, உணர்ச்சி. கண்ணைக் கட்டிக்கொண்டு, உறையணிந்த விரலால் ஒரு ரூபா, இரண்டு ரூபா, ஐந்து ரூபா நாணயங்களைப் பிரித்தறிய முயன்றோம். தோலுறையில் எளிது, மழையுறையில் இயன்றது, குளிருறையில் ஊகமே. கம்பளியில் நாணயம் கையில் இருக்கின்றதா என்பதே ஐயமாயிற்று! உணர்ச்சி குறைந்த கை பயத்தினால் மிகையாக இறுக்கும். இறுக்கிய முன்கை விரைவிற் களைக்கும். ஆகவே தடித்த உறை வெம்மை தரினும் பிடிக்கு உதவாது.

நான்காவது, உலர்த்துதல். அவசரத்தில் நண்பர் வீட்டார் தோலுறையை அடுப்பருகே வைத்துவிட்டனர். காலையில் அது பொரித்த அப்பளம் போல் விறைத்துக் கிடந்தது. தோலை நிழலிற் காற்றாட விரித்தே உலர்த்தல் வேண்டும். மழையுறையை நீரில் அலசி உலர்த்தியதும் பழையபடி ஆயிற்று.

முடிவு யாது? மழையையும் குளிரையும் தனியொன்றாய் வெல்லும் உறை நம் நான்கினுள் இல்லை. ஆகவே வேலையைப் பிரித்துக் கொடுத்தல் வேண்டும். அடிக்கும்போது இரு கைகளிலும் மழையுறை. நடக்கும்போது அதன் மேலே பெரிய கம்பளியுறை அல்லது உலர்ந்த சட்டைப்பை. வெயில் வந்ததும் தோலுறை. விதிகளும் இதற்குத் தடையல்ல. 2019 இல் திருத்தியமைக்கப்பட்ட கொல்ப் விதிகள் சாதாரணக் கையுறையை அனுமதிக்கின்றன. கையைச் சூடாக்கும் சாதனத்தையும் வைத்திருக்கலாம். ஆட்டத்தின் நடுவே வேண்டுமென்றே பந்தைச் சூடாக்கினாற் குற்றம்.

விடுமுறையின் இறுதிநாள் மீண்டும் தூறல். நண்பர் புதிய ஏற்பாட்டுடன் ஆடினார். மட்டை ஒருமுறையும் நழுவவில்லை. நம் ஆராய்ச்சியின் பெருமையை உதவியாளரிடம் விரித்துரைத்தோம். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “உறை நல்லதுதான், ஐயா. ஆனால் பிடியைத் துடைக்காமல் எந்த உறை போட்டாலும் பயன் இல்லை. குடைக்குள்ளே உலர்ந்த துணி ஒன்று தொங்க வேண்டும்” என்றார்.

நாம் நான்கு உறைகளை நனைத்தும் உலர்த்தியும் கண்டதில் இது இல்லை. பிடியின் பக்கத்தை நாம் சோதிக்கவேயில்லை! அவர் பல ஆண்டுகள் மழையில் நின்று கற்றது அது. அப்போதுதான் அவர் கைகளைப் பார்த்தோம். பையைச் சுமந்து, குடையைப் பிடித்து, ஒவ்வோர் அடிக்கும் முன்னர் மட்டையைத் துடைத்துக் கொடுத்த அக்கைகள் வெறுங்கைகள். விரல் நுனிகள் வெளுத்துச் சுருங்கியிருந்தன. அந்த மட்டை அன்று பறந்தபோது ஆபத்து வந்தது அவர் தோளுக்கே. எனினும் மூன்று நாட்களாக நண்பர் கையைப் பற்றியே சிந்தித்த நாம், அவர் கையை ஒருமுறையும் சிந்திக்கவில்லை.

நண்பரும் அதனைக் கண்டிருக்கவேண்டும். நாம் ஊர் திரும்பிய பின்னர் எழுதிய மடலில், இன்னொரு சோடி மழையுறை வாங்கியதாகவும், அளவு பார்ப்பதற்காக உதவியாளரையும் கடைக்கு அழைத்துச் சென்றதாகவும் குறித்திருந்தார். கடைக்காரர் உலர்ந்த உறையை எடுத்து நீட்டினாராம். உதவியாளர் ஒரு குவளை தண்ணீர் கேட்டாராம்.