பெட்டியில் வந்த கார்புரேட்டர்

‘நிறுத்தும்போது நன்றாக ஓடிக்கொண்டுதான் இருந்தது.’

பழைய மோட்டார் சைக்கிளை விற்கும் அமெரிக்கர்களின் விளம்பரங்களில் அடிக்கடி தென்படும் வாசகம் இது. படித்தால் சிரிப்பு வரும். ஓடிய வண்டியைத்தானே நிறுத்த முடியும்? எந்த வருஷம் நிறுத்தினார், ஏன் நிறுத்தினார், அதற்குப் பிறகு யார் யார் ஸ்பேனரோடு அதன் பக்கத்தில் உட்கார்ந்து எழுந்தார்கள் என்பதையெல்லாம் அந்த வரி சொல்லாது. அதற்குக் கீழே, ‘கார்புரேட்டர்கள் கழற்றப்பட்டு, பெட்டியில் உள்ளன’ என்று இன்னொரு வரி இருந்தால் விசேஷம். பெட்டி வந்து சேர்ந்துவிடும். பெட்டிக்குள் இருக்க வேண்டியதெல்லாம் வருமா என்பதுதான் சந்தேகம்.

வேறு வண்டியாக இருந்தால் எப்படியாவது சமாளித்துவிடலாம். 1976-ல் ஹோண்டா வெளியிட்ட சிபி 750 ஏ-வாக இருந்தால் கதை நீளும்.

பெயரின் கடைசியில் இருக்கும் ‘ஏ’ ஆட்டோமேட்டிக்கைக் குறிக்கிறது. ‘ஹோண்டாமேட்டிக்’ என்றும் சொல்வார்கள். 1969-ல் நான்கு சிலிண்டரும் முன்பக்க டிஸ்க் பிரேக்குமாக வந்து மோட்டார் சைக்கிள் உலகத்தையே திரும்பிப் பார்க்கவைத்த சிபி 750-ன் தம்பி இது. அண்ணனுக்குக் கிளட்ச் உண்டு, ஐந்து கியர் உண்டு. தம்பிக்குக் கிளட்ச் லீவரே கிடையாது. இரண்டே கியர். மெதுவாகப் போக ஒன்று, மற்ற எல்லாவற்றுக்கும் இன்னொன்று. மாற்றுவதற்குக் கால் வேண்டும் என்பதால் இதை முழு ஆட்டோமேட்டிக் என்று சொல்ல முடியாது. ஆனால், ஒரே கியரில் வைத்துவிட்டு சிக்னலில் நிற்கலாம், கிளம்பலாம், இன்ஜின் அணையாது.

கியர் இல்லாத வண்டி என்றதும் நம் வீடுகளில் 1980-களில் வந்த கைனடிக் ஹோண்டாதான் பலருக்கு ஞாபகம் வரும். அதில் வேலை பார்த்தது பெல்ட்டும் புல்லியும். ஹோண்டாமேட்டிக்கில் அந்த வேலையைச் செய்வது ஆயில். இரண்டு மின்விசிறிகளை எதிரெதிரே வைத்து ஒன்றை மட்டும் ஓடவிட்டால், அதன் காற்றில் இன்னொன்றும் சுற்றத் தொடங்கும் அல்லவா? காற்றுக்குப் பதில் ஆயில் என்று நினைத்துக்கொண்டால், அதுதான் டார்க் கன்வெர்ட்டர். கார்களில் வழக்கமானது. 1960-களின் பிற்பகுதியில் ஜப்பானில் விற்ற என் 360 என்ற குட்டிக் காரின் ஆட்டோமேட்டிக் மாடலில் ஹோண்டா செய்து பார்த்த யோசனைதான் பிறகு பைக்குக்கு வந்தது.

வந்ததே தவிர, ஓடவில்லை. அதாவது, விற்பனையில் ஓடவில்லை. பெரிய பைக் வாங்குகிறவர்கள் கியர் மாற்றுவதைத்தான் சந்தோஷமாக நினைத்தார்கள். வட அமெரிக்காவிலும் ஜப்பானிலும் மட்டுமே விற்ற இந்த வண்டியை 1978-ல் நிறுத்திவிட்டார்கள். அண்ணன் சிபி 750 லட்சக்கணக்கில் விற்றது. தம்பி சில ஆயிரங்களோடு சரி.

சரி, இன்றைக்கு இதை யார் தேடப் போகிறார்கள்? இளவயதில் சிபி 750 ஓட்டிய ஒரு அமெரிக்கரை எடுத்துக்கொள்வோம். இப்போது எழுபதை நெருங்குகிறார். மூட்டுவாதத்தில் இடது கை விரல்கள் மடங்க மறுக்கின்றன. காபிக் கோப்பையைப் பிடிக்கலாம். போக்குவரத்து நெரிசலில் நூறு தடவை கிளட்ச்சை அழுத்த முடியாது. மருத்துவர் சொல்லாமலேயே பைக்கை விட்டுவிட்டவர். அவருக்கு இந்த வண்டி வெறும் பழம்பொருள் அல்ல. மறுபடியும் சாலைக்குப் போக ஒரு வழி. அதனால்தான் அட்டைப் பெட்டியைப் பார்த்த பிறகும் பணத்தைக் கொடுத்து வாங்குகிறார்.

பெட்டியைத் திறந்தால் நான்கு கார்புரேட்டர்கள். சிலிண்டருக்கு ஒன்று. இரண்டு ஒழுங்காக மூடியிருக்கின்றன. மூன்றாவதற்கு அடிக்கிண்ணம் தனியாகக் கிடக்கிறது. நான்காவது வெறும் கூடு. இரண்டு ஜெட்டுகளைக் காணோம், ஃப்ளோட் ஊசியைக் காணோம், ஐட்லிங் திருகின் ஸ்பிரிங்கைக் காணோம். எல்லாம் சேர்த்தாலும் உள்ளங்கையில் அடங்கும். ஆனால், அவை வராமல் கால் டன்னை நெருங்கும் இரும்பு நகராது.

இந்த இடத்தில்தான் பலர் அவசரப்படுவார்கள். கையில் கிடைத்த நான்கையும் ஒரே நாளில் பிரித்துப் போட்டுக் கழுவத் தொடங்குவார்கள். அனுபவசாலிகள் அப்படிச் செய்வதில்லை. நல்ல நிலையில் இருக்கும் ஒன்றை மட்டும் முதலில் திறக்கிறார்கள். ஒவ்வொரு படியையும் செல்போனில் படம் எடுத்துக்கொள்கிறார்கள். கழற்றியதை வரிசையாக முட்டை அட்டைக் குழிகளில் வைக்கிறார்கள். மற்றவை மூடியபடியே இருக்கட்டும். நான்கும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். ஒன்றில் காணாமல் போனது என்ன, அது எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தது என்பதை இன்னொன்று காட்டிக்கொடுத்துவிடும்.

திருகைக் கழற்றுவதிலேயே ஒரு சூட்சுமம் உண்டு. ஜப்பானிய வண்டிகளில் இருக்கும் நட்சத்திரத் திருகு, சாதாரண ஸ்டார் ஸ்க்ரூடிரைவருக்குப் பொருந்துவதுபோலத் தெரியும், பொருந்தாது. ஜப்பான் அளவுக்கென்று தனி ஸ்க்ரூடிரைவர் இருக்கிறது. அது தெரியாமல் அழுத்தித் திருகினால் தலை வழுக்கி மொழுக்கென்று ஆகிவிடும். அடுத்து டிரில்லிங் மெஷினைத் தேட வேண்டியதுதான்.

உள்ளே பெட்ரோல் காய்ந்து, பழுப்பு வார்னிஷ்போலப் படிந்திருக்கும். ஜெட் என்பது நடுவில் துளையிட்ட சின்னப் பித்தளைத் துண்டு. மெயின் ஜெட்டின் துளை ஒரு மில்லிமீட்டரை ஒட்டி இருக்கும். ஐட்லிங்குக்கான ஸ்லோ ஜெட்டின் துளை அதில் பாதிகூட வராது. அடைப்பை எடுக்கக் கம்பியை விட்டுக் குடைந்தால் துளை பெரிதாகிவிடும். கண்ணுக்குத் தெரியாது, இன்ஜினுக்குத் தெரியும். கிளீனரில் ஊறவைத்து, காற்றடித்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பதுதான் முறை. துளை வட்டமாகத் தெரியும்வரை அதையே திரும்பச் செய்ய வேண்டும்.

இதுவரை பொறுமைதான் தேவைப்பட்டது. இனிமேல்தான் ஆபத்து.

காணாமல் போன ஜெட்டுக்கு மாற்றாக, அண்ணன் வண்டியான சிபி 750-ன் ஜெட் சந்தையில் எளிதாகக் கிடைக்கிறது. மரை பொருந்தினால் கை சும்மா இருக்காது. விலையும் குறைவு. ‘ஒரே இன்ஜின்தானே, ஒரே 736 சிசிதானே’ என்று சொல்ல நாலு பேர் இருப்பார்கள். இன்ஜின் ஒரே குடும்பம்தான். ஆனால், ஆட்டோமேட்டிக்குக்காக அதன் குணத்தையே ஹோண்டா மாற்றிவிட்டது. கம்ப்ரெஷனை 7.7-க்குக் குறைத்தது. கார்புரேட்டரையே சிறியதாக்கியது. அறுபத்துச் சொச்சமாக இருந்த குதிரைத்திறன் 47-க்கு இறங்கியது. வேகத்தை விட்டுக்கொடுத்து, கீழ்வேகத்தில் நிதானமான இழுவையை வாங்கிக்கொண்டார்கள். அதற்கென்று அளந்து வைத்த துளை அது. ஜெட்டின் மேல் பொறித்திருக்கும் எண்ணைப் பார்க்காமல் போடுவது, பக்கத்து வீட்டுக்காரரின் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு கார் ஓட்டுவதுபோல.

துளை சிறிதாகிப் பெட்ரோல் குறைந்தால் அந்த சிலிண்டர் மட்டும் கொதிக்கும். பிஸ்டனோ வால்வோ கருகும். கூடினால் ப்ளக் கரி பிடிக்கும். நான்கில் ஒன்று மட்டும் தவறாக இருக்கும்போது வண்டி நின்றுவிடாது என்பதுதான் மோசம். மற்ற மூன்றும் இழுத்துக்கொண்டு போகும். ஓட்டுகிறவர் ‘பழைய வண்டி, அப்படித்தான் இருக்கும்’ என்று பழகிக்கொள்வார்.

ஜெட்டைவிட அச்சப்பட வேண்டியது ஃப்ளோட் ஊசி. நம் வீட்டு ஃப்ளஷ் டேங்கில் மிதவை மேலே வந்ததும் தண்ணீர் நிற்கிறதே, அதே வேலைதான். கிண்ணத்தில் பெட்ரோல் போதுமான அளவு வந்ததும் வழியை அடைக்க வேண்டிய ஊசி அது. அது சரியாக உட்காராமல், டேங்க்கின் குழாயையும் மூட மறந்துவிட்டால் இரவெல்லாம் பெட்ரோல் வழியும். தரையில் வழிந்தால் ஒரு கவலை. அமெரிக்க வீடுகளில் பலர் கராஜிலேயே கேஸ் வாட்டர் ஹீட்டரையும் வைத்திருப்பார்கள். பழைய ஹீட்டர்களில் சின்னச் சுடர் ஒன்று எப்போதும் எரிந்துகொண்டே இருக்கும். பெட்ரோல் ஆவி தரையோடு ஊர்ந்து போய் அதைத் தொட்டால் வண்டியோடு வீடும் போகும்.

உள்ளே வழிந்தால் வேறு கவலை. சிலிண்டரில் பெட்ரோல் தேங்கினால், காலையில் ஸ்டார்ட்டரை அழுத்தியதும் மேலே வரும் பிஸ்டன் நசுக்க முடியாத திரவத்தில் போய் இடிக்கும். கனெக்டிங் ராடு வளைந்துவிடலாம். தேங்காமல் கசிந்து கீழே போனால் ஆயிலோடு கலக்கும். ஹோண்டாமேட்டிக்கில் இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் ஒரே ஆயில். டார்க் கன்வெர்ட்டரைச் சுற்றுவதும், உள்ளே இருக்கும் கிளட்ச்சுகளை அழுத்திப் பிடிப்பதும் அந்த ஆயில்தான். அது பெட்ரோலில் நீர்த்துப் போனால் இன்ஜின் தேயும், கியர் வழுக்கும். அரிசி மணி அளவு ஊசி செய்த தவற்றுக்குக் கியர்பாக்ஸைக் குற்றம்சாட்டி மாதக்கணக்கில் அலைய வேண்டியதுதான்.

அதனால் ஊசியையும் அது உட்காரும் இருக்கையையும் சேர்த்தே புதிதாகப் போடுவது நல்லது. ஓ-ரிங்குகளும் கேஸ்கெட்டுகளும் அப்படியே. அமெரிக்க பெட்ரோலில் பொதுவாக 10 சதவீதம் எத்தனால் கலந்திருக்கிறது. 1976-ல் செய்த ரப்பருக்கு அது பழக்கமில்லாத சமாச்சாரம். ஊதிப் போகும், வெடிக்கும். ஆனால், பழைய பித்தளை நன்றாக இருந்தால் அதைத் தூக்கி எறியக் கூடாது. மலிவான ரிப்பேர் கிட்டுகளில் வரும் ஜெட்டுகளின் துளை எப்போதும் சொன்ன அளவில் இருப்பதில்லை. ரப்பரை மட்டும் எடுத்துக்கொண்டு பித்தளையை டப்பாவில் போட்டுவைப்பவர்கள் உண்டு. அதுதான் புத்திசாலித்தனம்.

எழுபதை நெருங்குகிற நம் அமெரிக்கர் எங்கே போய்த் தேடுவார்? ஹோண்டாவின் உதிரிபாகப் புத்தகத்தில் ஒவ்வொரு திருகுக்கும் எண் உண்டு. அந்த எண்ணை வைத்து விசாரித்தால் எங்கோ ஒரு பழைய டீலரின் அலமாரியில் பிரிக்காத உறையில் ஒன்று தூங்கிக்கொண்டிருக்கும். ஸ்பிரிங்கை வேறு ஹோண்டாவிலிருந்து எடுத்துவிடலாம். சரியான எண்ணுள்ள ஜெட்டுக்குத்தான் அலைச்சல். கடைசியில் யாராவது ஒருவர் சொல்வார், ‘என்னிடம் ஒரு முழு ஹோண்டாமேட்டிக் ஓடாமல் கிடக்கிறது. பாகத்துக்காக எடுத்துக்கொள்ளுங்கள்.’

இதில்தான் மனசு இடிக்கும். எண்ணிக்கையில் குறைந்த வண்டி. ஒன்றைப் பிழைக்கவைக்க இன்னொன்றை உடைப்பதா? துருப்பிடித்து ஃப்ரேமே போன வண்டியென்றால் தயங்க வேண்டாம். ஆனால், அதுவும் நாலு பாகம் கிடைத்தால் ஓடிவிடும் என்கிற நிலையில் இருந்தால், கார்புரேட்டரை மட்டும் இரவல் வாங்கி, ஜெட்டின் எண்ணைக் குறித்துக்கொண்டு, முறையாக அளந்து பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவது மேல். எண் தெரிந்துவிட்டால் அதே அளவில் ஜெட் தேடுவது பாதி சுலபம். அந்த வண்டியும் வேறொருவருக்காகக் காத்திருக்கும்.

எல்லாம் சேர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பூட்டுவதற்கு முன்பு மேஜையிலேயே ஒரு சின்ன பாட்டிலில் இருந்து பெட்ரோல் விட்டு, நான்கு கிண்ணமும் ஒரு மணி நேரம் கசியாமல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். பூட்டியபின் நான்குக்கும் வாக்யூம் கேஜ் மாட்டி, நான்கும் ஒரே அளவில் உறிஞ்சும்படி சரிசெய்ய வேண்டும். கடைசியாக ஐட்லிங். இந்த வண்டியில் இது ரொம்ப முக்கியம். ஐட்லிங் கூடினால் பிரேக்கை விட்டதும் வண்டி தானாக ஊர்ந்து போகும். குறைந்தால் கியர் விழுந்ததும் அணைந்துவிடும். தள்ளி ஸ்டார்ட் பண்ணலாம் என்றால், இன்ஜின் ஓடாமல் ஆயில் அழுத்தம் வராது. அழுத்தம் வராமல் கியர் பிடிக்காது. இத்தனைக்கும் ஹோண்டா இதில் ஆர்பிஎம் மீட்டரே வைக்கவில்லை. ஆட்டோமேட்டிக் ஓட்டுகிறவருக்கு எதற்கு என்று நினைத்துவிட்டார்கள்போல. அந்த இடத்தில் எந்த கியர் என்று காட்டும் விளக்கும், பெட்ரோல் மீட்டரும் இருக்கின்றன. வெளியிலிருந்து ஒரு மீட்டரை மாட்டித்தான் ஐட்லிங்கை வைக்க வேண்டும்.

பட்டனை அழுத்துகிறார். இரண்டு தடவை இருமிவிட்டு, நான்கு சிலிண்டரும் ஒரே குரலில் ஓடத் தொடங்குகின்றன. இடது கையை ஹேண்டில்பாரில் சும்மா வைத்தபடி, காலால் கியரை ‘டி’-க்குத் தட்டி, மெதுவாக ஆக்ஸிலரேட்டரைத் திருகுகிறார். இன்ஜின் சத்தம் ஏறுகிறது. வண்டி ஓர் அங்குலம்கூட நகரவில்லை. முகம் வெளுக்கிறது. ஒருவேளை கியர்பாக்ஸே போய்விட்டதோ?

பின்னால் நிற்கும் மனைவி கீழே கை காட்டுகிறார். சைடு ஸ்டாண்டு எடுக்கவில்லை. அது கீழே இருக்கும்வரை ஹோண்டாமேட்டிக் நியூட்ரலிலேயேதான் நிற்கும்.