சுழல் நாற்காலியில் ஒரு விமானி

சுழலும் நாற்காலி ஒன்றில் கண்களை மூடி அமர்ந்து, யாரையேனும் மெல்ல ஒரே சீராகச் சுழற்றச் சொல்லுங்கள். சற்று நேரத்தில் நாற்காலி நின்றுவிட்டதாகவே தோன்றும். உண்மையாகவே நிறுத்தினாலோ, எதிர்ப்புறம் சுழல்வது போலிருக்கும். உட்செவியின் நுண்குழல்களில் உள்ள நீர் செய்யும் மாயம் இது. வீட்டில் இது விளையாட்டு. மேகத்தினுள் புகுந்த விமானிக்கோ உயிர்ப்போராட்டம். விமானம் திரும்புவதை அவன் உணரான். தாழ்வதை மட்டும் கண்டு மூக்கை உயர்த்த முயல்வான். அம்முயற்சியே சுழற்சியை இறுக்கித் தரையில் மோதச் செய்யும்.

1926-ஆம் ஆண்டில், சான் பிரான்சிஸ்கோவின் கிரிஸ்ஸி விமானத் தளத்தில், வில்லியம் ஆக்கர் என்ற அமெரிக்கப் படை விமானியை டேவிட் மையர்ஸ் என்ற படை மருத்துவர் இத்தகைய நாற்காலியில் அமர்த்திச் சோதித்தார். பல்லாண்டு பறந்து பழகிய ஆக்கர், எப்பக்கம் சுழல்கிறோம் என்று சொல்ல இயலாது தோற்றார். அத்துடன் விட்டாரா? ஒரு பெட்டியுடன் திரும்பி வந்தார். அதனுள் விமானத்தின் திருப்பத்தைக் காட்டும் கருவியும், அதைப் பார்க்க ஒரு டார்ச் விளக்கும் இருந்தன. பெட்டியில் முகம் பதித்து, செவி உணர்த்தியதைத் தள்ளி, முள் காட்டியதையே சொன்னார். இம்முறை தவறவில்லை.

இருக்கையில் உணரும் அசைவைக் கொண்டே பறப்பதைப் பெருமையாகக் கருதிய காலம் அது. தம் உடலையே நம்பாதே என்ற பாடம் விமானிகளுக்கு எளிதில் இனிக்குமா? 1929 செப்டம்பர் 24 அன்று ஜேம்ஸ் டூலிட்டில், திரையிட்ட இருக்கையில் அமர்ந்து, வெளியே எதையும் காணாமல் எழும்பிப் பறந்து தரையிறங்கிக் காட்டினார். ஆனால், வல்லுநர் ஒருவர் செய்து காட்டுவது வேறு. எல்லோருக்கும் கற்பிப்பது வேறு. ஆக்கரும் கார்ல் கிரேனும் பயிற்சி முறையை 1932-இல் நூலாக வெளியிட்டனர்.

நியூயார்க் மாநிலத்துப் பிங்கம்டனில், தந்தையின் ஆர்கன் தொழிற்சாலையில் வளர்ந்த எட்வின் லிங்க், ஆர்கனுக்குரிய காற்றுத் துருத்திகளைக் கொண்டே, தரையில் இருந்தபடி சாய்ந்து திரும்பும் பயிற்சிக்கூடு ஒன்றை அமைத்தார். ஆலயத்தில் ஆர்கன் கேட்டுப் பழகிய நமக்கு இச்செய்தி தனி உவகை தருகிறது. முதலில் வாங்கியோர் பெரும்பாலும் கேளிக்கைப் பூங்காக்காரரே!

1934 பிப்ரவரியில் அஞ்சல் விமானப் பணி அமெரிக்கப் படையிடம் ஒப்படைக்கப்பட்டது. கடுங்குளிர், மூடுபனி, கருவிகொண்டு பறக்கப் போதிய பயிற்சியற்ற இளைஞர்கள். சில மாதங்களில் பத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். ஆக்கர் பெட்டியுடன் வந்து அப்போது எட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.

பின்னர் நெவார்க் தளத்தில் லிங்கின் வருகைக்குக் காத்திருந்த படை அதிகாரிகள், அன்றைய மூடுபனியில் எவரும் வாரார் எனக் கருதியிருக்க, அவர் தாமே விமானமோட்டி வந்திறங்கினார். அவ்வாண்டே ஒன்று 3,500 டாலர் வீதம் ஆறு கூடுகளைப் படை வாங்கியது.