காலில் விழுமுன் காலைப் பாருங்கள்



போன ஞாயிற்றுக்கிழமை பழைய மாணவர்கள் நான்கு பேர் அம்பத்தூர் வீட்டுக்கு வந்திருந்தார்கள். கிளம்பும்போது ஆசீர்வாதம் வாங்கக் குனிந்தார்கள். நான் சட்டென்று காலைப் பின்னால் இழுத்துக்கொண்டேன். சாருக்கு அடக்கம் என்று நினைத்திருப்பார்கள். அது அடக்கம் இல்லை, வெட்கம். என் கால் பெருவிரல் நகங்கள் மஞ்சளாகித் தடித்துப் போயிருப்பதைப் பார்த்துவிடுவார்களே என்று பயந்தேன்.

நாலு வருடம் இதை மறைத்தேன். வயசானால் இப்படித்தான் என்று நானே முடிவு கட்டினேன். மருதாணி வைத்துப் பார்த்தேன். நகம் சிவந்தது, தடிப்பு குறையவில்லை. மருந்துக்கடையில் கேட்டு ஒரு களிம்பு தடவினேன். நகவெட்டி வாயில் நகம் நுழையாமல் போனதும், போன வருடம் பிளேடை எடுத்தேன். எனக்குச் சர்க்கரை உண்டு. விரலோரம் வெட்டுப்பட்டது எனக்குத் தெரியவே இல்லை. தரையில் ரத்தத்தைப் பார்த்து என் மனைவிதான் பதறினாள். அந்தப் புண் ஆற ஏழு வாரம் ஆனது.

பிறகுதான் தோல் டாக்டரிடம் போனேன். அவர் சொன்ன முதல் விஷயமே எனக்குப் புதிது. தடித்த நகமெல்லாம் பூஞ்சை இல்லை. ஏறக்குறைய பாதிப் பேருக்குத்தான் பூஞ்சை. மற்றவர்களுக்கு இறுக்கமான ஷூ, பழைய அடி, சோரியாசிஸ், ரத்த ஓட்டக் குறைவு, வயது என்று காரணம் வேறாக இருக்கும். அதனால் நகத்தில் சிறிது வெட்டி எடுத்துப் பரிசோதித்துவிட்டுத்தான் மருந்து. எனக்குப் பூஞ்சை என்று தெரிந்தது. கல்லீரலுக்கு ரத்தப் பரிசோதனை செய்துவிட்டு மூன்று மாதம் மாத்திரை கொடுத்தார். மாத்திரை முடிந்துவிட்டது. ஆனால் கால் நகம் மாதத்துக்கு ஒன்றரை மில்லிமீட்டர் அளவில்தான் வளரும். முழுசாக மாற ஒரு வருடம், ஒன்றரை வருடம்கூட ஆகும். எனக்கு இப்போது பாதி வந்திருக்கிறது.

நான் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். குளித்த பிறகு நகம் இளகியிருக்கும்போது வெட்டுங்கள். நேராக வெட்டுங்கள், ஓரத்தைத் தோண்டாதீர்கள். ஒரேயடியாக வெட்டாமல், தடிப்பை அரத்தால் கொஞ்சம் கொஞ்சமாகத் தேயுங்கள். விரலிடுக்கில் ஈரம் நிற்கக் கூடாது. வீட்டுக்கே ஒரு நகவெட்டி என்ற பழக்கம் வேண்டாம், ஆளுக்கு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். சர்க்கரை உள்ளவர்கள் தடித்த நகத்தைத் தாங்களே வெட்டவே வேண்டாம். வெந்நீரில் காலை ஊறப்போடவும் வேண்டாம், சூடு தெரியாமல் வெந்துவிடும்.

எஸ்டேட்டிலும் ஆவடி பக்கத்துத் தொழிற்சாலைகளிலும் நாள் முழுக்க சேஃப்டி ஷூ போடும் என் பிள்ளைகளே, தினமும் சாக்ஸை மாற்றுங்கள். ஷூ நன்றாகக் காய்ந்த பிறகு போடுங்கள். விரல் நுனி ஷூவில் இடித்தால் அளவை மாற்றிக் கேளுங்கள்.

2023-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வுக் கணக்குப்படி நம் நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை நோய். அதில் உங்கள் அப்பா அம்மாவும் இருக்கலாம். மாதாமாதம் ரத்தத்தைப் பரிசோதிக்கிறோம், காலை யாரும் பார்ப்பதில்லை. மக்களைத் தேடி மருத்துவம் ஊழியர்கள் வீட்டுக்கு வந்தால், கையோடு காலையும் நீட்டிக் காட்டச் சொல்லுங்கள். தனியார் டாக்டருக்கு வசதி இல்லையென்றால் கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனையில் தோல் பிரிவு இருக்கிறது.

பெரியவர்கள் தாங்களாகச் சொல்ல மாட்டார்கள். குனிந்து பார்க்க முடியாது, பார்த்தாலும் வெட்கம். தடித்த நகத்தை விட அந்த வெட்கம்தான் ஆபத்து என்பது என் அனுபவம். பொங்கலுக்கும் பிறந்தநாளுக்கும் காலில் விழுகிறீர்கள், சந்தோஷம். இந்த ஞாயிறு அவர்களை உட்கார வைத்து, வெளிச்சத்தில் பாதத்தை, விரலிடுக்கை, நகத்தை ஐந்து நிமிடம் பாருங்கள்.

அடுத்த முறை நீங்கள் வரும்போது நானும் காலை இழுத்துக்கொள்ள மாட்டேன்.