மிச்சம் சொல்லும் முள்

புனே கேம்ப் பகுதியின் எம்.ஜி. ரோட்டில் விலையுயர்ந்த கைக்கடிகாரம் பார்க்கப் போனால், மணி முள், நிமிட முள் தவிர ஒரு குட்டி முள்ளையும் காட்டுவார்கள். ஸ்கூட்டரில் பெட்ரோல் முள் எப்படியோ அப்படி. உள்ளே முறுக்கிய ஸ்பிரிங்கில் இன்னும் எத்தனை மணி நேரத்துக்குச் சக்தி இருக்கிறது என்று சொல்லும் முள். 'பவர் ரிசர்வ்' என்பார்கள். அந்த முள் வந்தால் விலையும் கூடவே ஏறும். அது வேண்டுமா என்பது கடிகாரத்தைப் பொறுத்ததல்ல, கட்டப்போகும் கையைப் பொறுத்தது.

இது வெறும் அலங்காரமாகப் பிறந்ததல்ல. கப்பல்களில் இருந்த குரோனோமீட்டர்களில் இந்த முள் அவசியமான உறுப்பு. 56 மணி நேரம் ஓடக்கூடிய கடிகாரத்துக்கும் தினமும் குறித்த நேரத்தில் சாவி கொடுத்துவிடுவார்கள். கடிகாரம் 4 விநாடி பிசகினால், பூமத்திய ரேகை அருகே கப்பல் இருக்குமிடம் ஒரு கடல் மைல் தள்ளிப் போகும். நின்றே போனால் தீர்க்கரேகைக் கணக்கே போயிற்று. ஸ்பிரிங் முழுதாக முறுக்கியிருக்கும்போது உள்ள வேகம் கடைசி மணி நேரங்களில் இருக்காது. பேலன்ஸ் சக்கரத்தின் வீச்சு குறையும், நேரம் பிசகத் தொடங்கும். ஆகவே அந்த முள் சொல்வது 'எப்போது நிற்பேன்' என்பதை மட்டுமல்ல, 'எதுவரை என்னை நம்பலாம்' என்பதையும்தான்.

நம் வீடுகளில் அந்த வேலையைப் பழக்கம் செய்தது. 1961இல் ஜப்பானின் சிட்டிசன் கூட்டுறவோடு பெங்களூரில் தொடங்கிய எச்.எம்.டி. தொழிற்சாலையின் 'ஜனதா'வைக் கட்டிய அப்பாக்கள், காலை வானொலிச் செய்தி கேட்டுக்கொண்டே சாவி கொடுத்தார்கள். முள் எதுவும் தேவைப்படவில்லை. எச்.எம்.டி. கடிகார நிறுவனத்தை மூட மத்திய அமைச்சரவை 2016இல் ஒப்புதல் தந்துவிட்டது. அந்தப் பழக்கம் அதற்கு வெகு முன்பே போய்விட்டது. பேட்டரி வாட்ச் வந்து எல்லோரையும் சோம்பேறியாக்கியது!

சாவி கொடுக்கும் ரகம் வாங்குவதாக இருந்தால் இந்த முள்ளுக்குக் காசு கொடுக்கலாம், தயக்கமே வேண்டாம். ஆட்டோமேட்டிக் என்றால் யோசியுங்கள். கை அசையும்போதே ரோட்டார் சுழன்று முறுக்கிக்கொள்ளும் ரகம் அது. தினமும் கட்டினால் முள் எப்போதும் 'ஃபுல்' பக்கமே நிற்கும். பார்க்க அழகு, பயன் கொஞ்சம். ஆனால் ஹிஞ்சவடியில் நாளெல்லாம் கீ-போர்டு முன் உட்காருபவரின் கை, சந்தையில் மூட்டை தூக்குபவரின் கையைப் போல் ஆடாது. அவருடைய ஆட்டோமேட்டிக் சனி, ஞாயிறு மேஜையில் கிடந்துவிட்டுத் திங்கள் காலை நின்றுபோயிருக்கலாம். நாலைந்து கடிகாரங்களை மாற்றி மாற்றிக் கட்டுகிறவருக்கும் அதே கதி. இவர்களுக்கு முள் உதவும்.

முள்ளிலும் தரம் உண்டு. ஜெர்மனியின் லாங்கே நிறுவனம் 1994இல் கொண்டுவந்த 'லாங்கே 1' 72 மணி நேரக் கணக்கைத் தெளிவாக முகத்திலேயே காட்டும். ஓரிஸ் 2014இல் வெளியிட்ட காலிபர் 110, ஒரு முறுக்கலில் 10 நாள் ஓடும். அதன் முள் ஆரம்ப நாட்களில் மெல்ல நகர்ந்து, முடியும் தறுவாயில் பெரிய பெரிய அடியாக வைக்கும். எச்சரிக்கை தேவைப்படும் இடத்தில் துல்லியம் கூடுகிறது. எனக்குப் பிடித்த யோசனை இதுதான். சில பனராய் கடிகாரங்களில் முள் பின்பக்கம் இருக்கும். கழற்றித் திருப்பினால்தான் தெரியும். அது எதற்கென்று எனக்கு விளங்கியதில்லை.

விலையில் வரியையும் சேர்த்துப் பாருங்கள். சுவிட்சர்லாந்து உள்ளிட்ட நான்கு நாடுகளுடன் இந்தியா செய்த வர்த்தக ஒப்பந்தம் 2025 அக்டோபர் 1இல் அமலுக்கு வந்தது. சுவிஸ் கடிகாரங்கள் மீதான 20 சதவீத இறக்குமதி வரி அதன்படி படிப்படியாகக் குறைய வேண்டும். அவசரம் இல்லாதவர்கள் காத்திருக்கலாம். 10 லட்சத்துக்கு மேற்பட்ட கடிகாரத்துக்கு 2025 ஏப்ரல் 22 முதல் கடைக்காரர் 1 சதவீதம் வரி பிடிக்கிறார். வருமான வரிக் கணக்கில் அதைச் சரிக்கட்டிக்கொள்ளலாம், ரசீதைத் தொலைக்காதீர்கள். சர்வீஸ் புனேயிலேயே நடக்குமா, வெளிநாட்டுக்குப் போகுமா, எத்தனை மாதம் என்று பணம் கட்டுவதற்கு முன் கேளுங்கள். உபரி முள் என்றால் உபரிப் பல்சக்கரங்கள். கழற்றி மாட்டும் கூலியும் அதற்கேற்றபடி.

பழைய கடிகாரம் வாங்குகிறவர்களுக்கு இந்த முள் நல்ல சாட்சி. புனேயில் புதனும் ஞாயிறும் கூடும் ஜூனா பஜாரிலும் பழைய வாட்ச் கிடைக்கும். பெயின்ட் அடித்துப் புதிதாக்கிய டயல்களும் கிடைக்கும், ஜாக்கிரதை. பவர் ரிசர்வ் உள்ள பழைய கடிகாரம் எங்கே கிடைத்தாலும், ஒருநாள் வைத்துப் பார்க்க அனுமதி கேளுங்கள். முழுக்க முறுக்கிவிட்டு மேஜையில் படுக்கவையுங்கள். சாவி கொடுக்கும் ரகமாக இருந்தால் முறுக்கு நின்ற இடத்துக்கு மேல் திருகாதீர்கள், ஸ்பிரிங் போய்விடும். 48 மணி நேரக் கடிகாரத்தில் 24 மணி நேரம் கழித்து முள் பாதியருகே நிற்க வேண்டும். பாதி மிச்சம் என்று முள் காட்டும்போதே ஓட்டம் நின்றுவிட்டால், உள்ளே எண்ணெய் காய்ந்திருக்கலாம், அல்லது சக்கரம் தேய்ந்திருக்கலாம். சர்வீஸ் செலவைக் கழித்துக்கொண்டு விலை பேசுங்கள். விற்கிறவர் ஒருநாள் தர மறுத்தால் வாங்காதீர்கள்.