சுரங்க வாயிலும் பள்ளி வாயிலும்

கோலார் தங்கவயலில் சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டன. சாம்பியன் ரீஃபில் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே பாறைவெடிப்பை அஞ்சி உழைத்த தமிழர்களுக்குத் தலைக்கவசம் அன்றாட வாழ்வின் பகுதி. அவர்தம் பேரப்பிள்ளைகள் பலர் இன்று வெறுந்தலையோடு இருசக்கர வாகனத்தில் பள்ளிக்குச் செல்கின்றனர். கவசம் ஓட்டும் தந்தைக்கு மட்டுமே.

சட்டத்தில் குறையில்லை. 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 129ஆம் பிரிவு, நான்கு வயதைக் கடந்தோர்க்குத் தலைக்கவசத்தைக் கட்டாயமாக்குகிறது. அதற்கும் இளைய குழந்தைகளுக்குக் கவசத்தோடு பாதுகாப்புப் பட்டையும் வேண்டும், வேகம் மணிக்கு 40 கிலோமீட்டரைத் தாண்டலாகாது என்கிறது 2022ஆம் ஆண்டின் விதி.

குறை, அவ்விதி சோதிக்கப்படும் இடத்தில் உள்ளது. நெடுஞ்சாலைச் சந்திப்பில் நிற்கும் காவலர் குடியிருப்புத் தெருக்களின் குறும்பயணங்களைக் காண்பதில்லை. அவை அனைத்தும் வந்து முடியும் ஓரிடம் பள்ளி வாயில்.

பள்ளி காவல் நிலையமன்று என்பர். உண்மையே, அபராதம் வேண்டுவதில்லை. சீருடையையும் காலணியையும் நாள்தோறும் நோக்கும் ஆசிரியரின் கண் தலையையும் நோக்கினால் போதும். கவசங்களை வைக்க வகுப்பில் ஓர் அடுக்கு வேண்டும். அரசுப் பள்ளிகளில் சீருடையும் காலணியும் விலையின்றி வழங்கும் கர்நாடக அரசு, வாங்க இயலாதோர்க்குக் கவசத்தையும் வழங்கலாம்.

பாட்டனார் பொன்னெடுக்க இறங்கியபோது தலை காக்கப்பட்டது. பேரன் எழுத்தறியச் செல்லும்போதும் அது காக்கப்பட வேண்டும்.