புறம்போக்கில் கிடங்கு கட்டலாமா?

கேள்வி: எங்கள் உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் அரசுப் புறம்போக்கில் களம் போட்டு, 4 வருடமாக 'பி-மெமோ' அபராதம் கட்டிவருகிறது. அங்கே கிடங்கு கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள். பி-மெமோ ரசீது உரிமைப் பத்திரம் அல்ல. 1905-ம் வருட நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி, நீங்கள் ஆக்கிரமிப்பாளர் என்பதற்கான பதிவு. உறுப்பினர்களின் பங்குப் பணத்தில் எழுப்பும் கட்டடத்தை, நோட்டீஸ் கொடுத்து அகற்றிவிட முடியும்.

முதலில் கிராம நிர்வாக அலுவலரிடம் 'அ' பதிவேட்டில் நிலத்தின் வகைப்பாட்டைப் பாருங்கள். ஏரி, வாய்க்கால், மேய்ச்சல் நிலம் என்றிருந்தால் விட்டுவிடுங்கள். ஊர்ப் பொதுநில ஆக்கிரமிப்புகளை அகற்றச் சொல்லி 2011-ல் உச்ச நீதிமன்றமே உத்தரவிட்டிருக்கிறது. ஆட்சேபணை இல்லாத புறம்போக்கு என்றால், இயக்குநர் குழுத் தீர்மானம், நிறுவனப் பதிவுச் சான்று, புல வரைபடத்துடன் தாசில்தாரிடம் குத்தகை மனு கொடுங்கள். ஆணை கைக்கு வந்து, காலம், வாடகை, நிபந்தனைகளைப் படித்த பிறகே அஸ்திவாரம் தோண்டுங்கள்.