டோஹாவிலிருந்து ஒரு நாய்க்குட்டி

கொஞ்சம் நீளமான பதிவு. திட்டுகிறவர்கள் முழுவதையும் வாசித்துவிட்டுத் திட்டுங்கள்.

என்னிடம் படித்த பிள்ளை ஒருவன் கட்டாரில் வேலை செய்கிறான். போன கிழமை ஒரு நாய்க்குட்டியின் படத்தை அனுப்பியிருந்தான். மெலிந்த உடம்பு, நீண்ட மூஞ்சி, காதில் பட்டு மாதிரி மயிர். ஸலூகி, அரபிகளின் வேட்டை நாய். யாரோ வெளியில் விட்டுவிட்டுப் போனதை மீட்டெடுத்து, வளர்க்க ஆள் தேடுகிறார்களாம். "ஸேர், இத ஊருக்கு அனுப்பலாமா? நம்மட வளவுக்குள்ள வளரட்டுமே" என்று கேட்டான்.

இதையே குடும்ப வட்ஸ்அப் குழுவிலும் போட்டிருக்கிறான். அங்கே வந்த பதில்களையும் எனக்குக் காட்டினான். பாதிப் பேர் "ஹராம், மலக்குமார் வீட்டுக்குள் வரமாட்டார்கள்" என்று முடித்துவிட்டார்கள். மீதிப் பேர் "கொழும்பில வித்தா எவ்வளவு போகும் மச்சான்?" என்று கேட்டிருக்கிறார்கள். அந்தக் குட்டி என்ன தின்னும், எங்கே ஓடும் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

மகன், என் பதில்: எடுக்காதே. ஆனால் அந்தக் குழு சொன்ன காரணத்துக்காக அல்ல.

முதலில் மார்க்கத்தைப் பேசிவிடுவோம், இல்லாவிட்டால் யாரும் மேலே வாசிக்கமாட்டார்கள். நாம் ஷாபிஈ மத்ஹப். நாய் நஜீஸ், அதன் ஈரம் பட்டால் ஏழு தரம் கழுவ வேண்டும், அதில் ஒரு தரம் மண் கலந்த தண்ணீர். இதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. மாலிக்கி மத்ஹபில் நாய் சுத்தமானது என்பதும் தெரியும். அதைத் தூக்கிக்கொண்டு வந்து நான் இங்கே வாதாடப் போவதில்லை. "அரபிகள் ஸலூகியைக் கூடாரத்துக்குள்ளேயே வைத்திருந்தார்கள், அதை 'கல்ப்' என்றே சொல்லமாட்டார்கள், 'ஹுர்' என்பார்கள்" என்று நீ எழுதியிருந்தாய். உண்மைதான், பதுக்களின் வழக்கம் அது. ஆனால் சாதி நாய்க்கு ஒரு சட்டம், தெரு நாய்க்கு ஒரு சட்டம் என்று நம் பிக்ஹில் இல்லை. அது அரபிகளின் குலப் பெருமை. நாம் அதை இறக்குமதி செய்யத் தேவையில்லை, நம்மிடமே போதுமானது இருக்கிறது.

இப்போது "ஹராம்" கோஷ்டிக்கு. வேட்டைக்கும், பயிருக்கும், கால்நடைக் காவலுக்கும் நாய் வைக்க ஹதீஸில் அனுமதி உண்டு. பழக்கிய வேட்டை நாய் பிடித்துத் தருவதை உண்ணலாம் என்று அல்-மாயிதா சொல்கிறது. குகைவாசிகளோடு அவர்களுடைய நாயும் அல்-கஹ்பில் இருக்கிறது. தாகத்தில் நாக்குத் தள்ளிய நாய்க்குப் பாதணியில் தண்ணீர் அள்ளிக் கொடுத்தவரின் பாவம் மன்னிக்கப்பட்ட சம்பவத்தை நாம் எல்லோரும் மத்ரஸாவில் படித்தோம். அதுவும் ஒரு கட்டாக்காலி நாய்தான். நம் போடிமாரின் வயல் வாடிகளில் நாய் இல்லாத காலம் எப்போது இருந்தது? யானை வருவதை முதலில் சொன்னது அதுதானே? நாயைத் தொட்டால் கழுவு என்றுதான் மார்க்கம் சொன்னது. கல்லால் அடி என்று சொல்லவில்லை. அந்தப் பாடத்தை நாமே எழுதிச் சேர்த்துக்கொண்டோம்.

இந்த வெறுப்புக்கு என்ன விலை என்று நான் நேரில் கண்டேன். சில வருடங்களுக்கு முன் என் வகுப்பில் ஒரு பையன் காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்தான். காற்சட்டையைத் தூக்கிப் பார்த்தால் நாய்க்கடி, மூன்று நாளாகிவிட்டது. ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். நாய்க்குப் பக்கத்தில் போனது தெரிந்தால் வாப்பா அடிப்பாராம். அதனால் கிணற்றடியில் தானே ஏழு தரம் கழுவிவிட்டான், மண்ணும் போட்டு. புண்ணுக்குள் மண்! ஓட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் ஊசி போட்டோம். அல்ஹம்துலில்லாஹ், இன்றைக்கு அவன் நல்ல சுகமாக இருக்கிறான். ஆனால் அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஏழு தரம் கழுவத் தெரிந்த பிள்ளைக்கு, கடித்த இடத்தைச் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. நானும்தான் சொல்லிக் கொடுக்கவில்லை. விசர்நாய் நோயின் அறிகுறி தெரியத் தொடங்கிய பிறகு வைத்தியம் கிடையாது. ஊசி அதற்கு முன்னால்தான். அரச ஆஸ்பத்திரியில் அது இலவசம்.

"முந்தி மாதிரி நாய்களைக் கொன்றால் சரி" என்று ஒருவர் நிச்சயம் கீழே எழுதுவார். 1973 இல் இந்த நாட்டில் விசர்நாய் நோயால் இறந்தவர்கள் 377 பேர். அது நாய்களைக் கொன்றுகொண்டிருந்த காலம். கொல்வதை அரசு நிறுத்தியது 2006 இல். அதன் பிறகு சாவு கூடவில்லை, இன்னும் குறைந்தது. அண்மைய ஆண்டுகளில் 20 முதல் 30 வரை. நாய்க்குப் போட்ட தடுப்பூசிதான் அதைச் செய்தது.

சரி, ஸலூகிக்கு வருவோம். அது கண்ணால் கண்டதைத் துரத்தும் நாய். ஓடுவதற்கென்றே படைக்கப்பட்டது. கல்முனைக்குடியில் மதிலோடு மதில் ஒட்டிய வீடு உங்களுடையது. அடுத்த வளவில் கோழி, அதற்கடுத்ததில் ஆடு, சந்து முழுக்கப் பூனை. ஒரு கிழமையில் சண்டை வரும், இரண்டாம் கிழமை சங்கிலி வரும். பாலைவனத்தில் ஓடப் பிறந்ததைப் பத்தடிச் சங்கிலியில் கட்டிவைப்பதற்கா மீட்டெடுத்தார்கள்? கொழுப்பில்லாத உடம்பு என்பதால் இந்த இனத்துக்கு மயக்க மருந்து கொடுப்பதிலும் தனிக் கவனம் வேண்டும். நம் பக்கத்து மிருக வைத்தியர்கள் பார்ப்பது பெரும்பாலும் மாடும் ஆடும். இறக்குமதி அனுமதி, விமானக் கூடு, கட்டுநாயக்காவிலிருந்து கல்முனை வரை வேன் என்ற செலவுகளை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை.

எல்லாவற்றையும் விட, அது 12, 13 வருடம் வாழும். உன் ஒப்பந்தம் இரண்டு வருடம். நீ திரும்பவும் போவாய். காசும் அனுப்புவாய், எனக்குத் தெரியும். ஆனால் சுபஹுக்கு எழும்பி அதன் மலத்தை அள்ளுவது யார்? உடுப்பில் எச்சில் பட்டால் ஏழு தரம் கழுவிவிட்டுத் தொழப் போவது யார்? அறுபது தாண்டிய உன் உம்மா. அவவிடம் நீ கேட்டாயா? குழுவில் படம் போட்டது கேட்டதாகாது.

இரக்கம் பிழையென்று நான் சொல்லவில்லை. ஸ்பெயினில் வேட்டைப் பருவம் முடிந்ததும் கல்கோ நாய்களை விட்டுவிடுகிறார்கள், வேறு நாட்டவர்கள் எடுத்து வளர்க்கிறார்கள். நம் மாவட்டத்திலேயே அறுகம்பைக்கு அலைச்சறுக்கு விளையாட வரும் வெள்ளைக்காரர் சிலர் நம் கட்டாக்காலிக் குட்டியைக் கொண்டுபோகிறார்கள். ஐரோப்பாவுக்கு என்றால் சும்மா தூக்கிக்கொண்டு போக முடியாது. மூன்று மாதக் குட்டிக்கு ஊசி, முப்பது நாள் கழித்து இரத்தப் பரிசோதனை, அதன்பின் இன்னும் மூன்று மாதம் காத்திருப்பு. நாம் உரப்பையில் கட்டிக் கடற்கரையில் வீசிய குட்டிக்காக அவர்கள் ஏழு மாதம் பொறுத்திருக்கிறார்கள்.

வீசுவது நாம்தான். கரைவலை இழுக்கும் இடத்தில் போய்ப் பாருங்கள், பெரும்பாலும் பெட்டைக் குட்டிகள். நாம் தமிழ்ப் பக்கம் கொண்டுபோய் விடுகிறோம், அவர்கள் நம் பக்கம் விடுகிறார்கள். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் இரு சமூகத்துக்கும் நல்ல ஒற்றுமை! பிறகு இறைச்சிக்கடைக் கழிவையும், ஹஜ்ஜுப் பெருநாள் குர்பானிக் கழிவையும் வீதியோரம் கொட்டி அவற்றுக்கு விருந்து வைக்கிறோம். பெருகிவிட்டது என்று மாநகர சபையைத் திட்டுகிறோம்.

மகன், அந்த ஸலூகிக்கு அங்கேயே ஆள் தேடு. இடம் உள்ள, ஓட விடக்கூடிய ஆள். கிடைக்கும்வரை சாப்பாட்டுச் செலவைக் கொடு, அதற்கும் நன்மை உண்டு. விமானக் கூட்டுக்கு என்று வைத்த காசு மிஞ்சினால் எனக்கு அனுப்பு. பாடசாலைக்குப் பின் வீதியில் நான்கு பெட்டை நாய்கள் நிற்கின்றன, ஒன்று குட்டி போட்டு மூன்று கிழமை. தடுப்பூசிக்கும் கருத்தடைக்கும் என்ன செலவு என்று திங்கட்கிழமை மிருக வைத்தியரிடம் கேட்டு உனக்கு வொய்ஸ் போடுகிறேன். பிடித்துக் கொடுக்க இரண்டு பேர் வேண்டும். கொமெண்டில் பெயர் போடுங்கள். கையுறை நான் வாங்குகிறேன்.